நூற்றுக்கு 30 வாரம்!

தஞ்சைத் தரணியைத் தோழர்கள் அறிவார்கள். ஏர் பிடித்தவன் ஒருவன். நாற்று நட்டவள் அவன் மனைவி. களை பறித்து, மடை திருப்பி, இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காத்ததும் அந்தக் குடும்பமே. ஆனால் களத்துமேட்டில் நெல் குவிந்ததும், குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர் யார்? மிராசுதாரின் காரியக்காரர்! அவர் அளந்துகொண்டு போனது போக மிஞ்சியதுதான் உழைத்தவனுக்கு. எத்தனை தலைமுறை நடந்தது இந்தக் கொடுமை! 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்தது. நன்செயில் விளைந்ததில் நூற்றுக்கு 40-க்கு மேல் நிலத்துக்காரர் கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. பின்னாளில் அந்த 40-ம் 25 ஆகக் குறைந்தது.

இந்தப் பழைய கணக்கு இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். புதிய மிராசுதார் வந்திருக்கிறார், தோழர்களே! நிலம் புதிது, களம் புதிது, காரியக்காரரும் புதியவர். வாரம் மட்டும் பழைய பாணி.

அந்த நிலத்தை உழுவது யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். மில் தொழிலாளியின் மகன், பஸ் கண்டக்டரின் மகள், பாலிடெக்னிக்கிலும் கலைக் கல்லூரியிலும் கணினி படித்தவர்கள். பெரிய கம்பெனியில் இடம் கிடைக்காதவர்களும் உண்டு. கிடைத்து, ஆட்குறைப்பிலே வெளியே தள்ளப்பட்டவர்களும் உண்டு. யாரிடமும் சம்பளத்துக்குக் கைகட்டி நிற்காமல், வீட்டு மாடியில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, தாமே இணையதளம் அமைத்து, தாமே செயலி எழுதி, விற்றுப் பிழைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். தனித் தொழிலாளிகள். சங்கம் கிடையாது, போனஸ் கிடையாது, சேமநிதி கிடையாது. அவர்களில் பலர் கழகக் குடும்பத்தினர். அவர்கள் பிழைப்பைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் மிராசுதாரைப் பார்ப்போம். ஆப்பிள் கம்பெனி தன் செல்போனுக்கான செயலிக் கடையை 2008-ல் திறந்தது. அந்தக் கடை வழியே விற்கும் டிஜிட்டல் சரக்கு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 30 எனக்கு என்றது. கூகுள் கடையும் அதே அளவையே எடுத்துக்கொண்டது. வழக்கும் கூச்சலும் கிளம்பிய பிறகு, 2021-ல் இருவரும் சிறியவர்களுக்கு, அதாவது ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் வரை விற்பவர்களுக்கு, 15 என்று இறங்கி வந்தார்கள். தஞ்சை மிராசுதாருக்குச் சட்டம் அனுமதித்தது 25. அவரிடமாவது நிலம் இருந்தது, வாய்க்கால் இருந்தது. இவர்களிடம் இருப்பது ஒரு வாசல்!

வாசல் கட்டியவன் வாடகை கேட்கக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். உலகம் முழுவதும் உள்ள வாடிக்கையாளரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம், திருட்டுச் சரக்கைத் தடுக்கிறோம், பணம் வாங்கித் தருகிறோம் என்று கம்பெனிகள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்குக் கூலி உண்டு. ஆனால் குத்தகைக்காரன் தன் கடை முன்னால், “இதே சரக்கு என் வீட்டில் மலிவாகக் கிடைக்கும்” என்று ஒரு பலகை எழுதி வைக்கக்கூட அனுமதி இல்லை என்றார்களே, அது எந்த ஊர் நியாயம்? எபிக் என்னும் விளையாட்டுக் கம்பெனி அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. அந்தப் பலகையைத் தடுக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் நீதிபதி ஆணையிட்டார். ஆப்பிள் என்ன செய்தது? மேல் முறையீடெல்லாம் முடிந்த பிறகு, 2024-ல், “பலகை வைத்துக்கொள், அதைப் பார்த்து வெளியே போய் வாங்குகிறவனிடமும் எனக்கு நூற்றுக்கு 27 வேண்டும்” என்றது! 30-க்குப் பதில் 27! இதைக் கோர்ட் அவமதிப்பு என்று 2025 ஏப்ரலில் அதே நீதிபதி தீர்ப்பளித்தார். அதன் மேலும் முறையீடு, வாதம், வழக்கு. பெரிய கம்பெனிக்குப் பெரிய கம்பெனி மோதுகிறது. வக்கீல் பீஸ் கட்ட முடிகிறது. மாடியில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

நம் நாட்டுக் கதையும் உண்டு, அதுவும் சென்னையிலிருந்தே. முருகவேல் ஜானகிராமன் என்ற தமிழர், அமெரிக்காவில் கணினி வேலையில் இருந்தபோது, 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். தமிழ் நாட்காட்டி, அந்தச் செய்தி, இந்தச் செய்தி என்று பலவும் வைத்தார். ஆனால் ஆட்கள் மொய்த்தது வரன் பார்க்கும் பக்கத்தில்தான்! அதைக் கவனித்தார், மற்றதை விட்டார், அதைப் பிடித்தார். பாரத் மேட்ரிமோனி பிறந்தது அப்படித்தான். தனித் தொழில் செய்யும் தோழர்கள் இதைக் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். நாம் எதை விரும்பிச் செய்தோம் என்பதைவிட, வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதுதான் தொழிலைக் காட்டிக் கொடுத்தது. கதை அதோடு முடியவில்லை. சொந்த இணையதளத்தில் பிறந்த அந்தத் தொழில் வளர்ந்து, செல்போன் வந்து, வாடிக்கையாளர் எல்லோரும் செயலிக்குள் போன பிறகு என்ன ஆயிற்று? கட்டணத் தகராறிலே உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. 2024 மார்ச் 1-ந் தேதி, இந்தக் கம்பெனியின் செயலிகளையும் வேறு சில இந்தியக் கம்பெனிகளின் செயலிகளையும் கூகுள் தன் கடையிலிருந்து ஒரே நாளில் தூக்கி எறிந்தது! டெல்லி அமைச்சர் தலையிட்ட பிறகுதான் சில நாட்களில் அவை திரும்ப வந்தன. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிக்கே இந்தக் கதி.

ஆகவே முதல் வேலை சொந்த மனை. டொமைன் என்கிறார்களே, அந்த இணைய முகவரி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான். அதை உங்கள் பெயரில் வாங்குங்கள். நண்பன் பெயரில் வேண்டாம், அமைத்துக் கொடுத்த கம்பெனி பெயரில் வேண்டாம். புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். நாள் தவறினால் முகவரி வேறொருவன் கைக்குப் போகும். பிறகு அவன் கேட்கிற விலைதான் விலை. முகநூல் பக்கமும் யூடியூப் சேனலும் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அவை சந்தைக்குப் போகும் வண்டி. வீடு வேறு. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும், அவர் சம்மதத்தோடு, உங்கள் நோட்டில் இருக்கட்டும். எழுதிய கோடும் தகவல்களும் வாரம் ஒரு முறை வேறோர் இடத்தில் நகல் ஏறட்டும். இவ்வளவும் இருந்தால், ஒரு நாள் காரியக்காரர் வந்து “வெளியே போ” என்று சொன்னாலும், மறுநாள் வேறு தெருவில் கடை திறக்கலாம்.

இது வீண் பயம் என்பவர்களுக்கு ஒரு நடப்பைச் சொல்கிறோம். கனடா நாட்டில் கிறிஸ்டியன் செலிக் என்ற தனி மனிதர், ரெட்டிட் என்னும் அமெரிக்க விவாத மேடையை வசதியாகப் படிப்பதற்கு அப்பல்லோ என்ற செயலியை எழுதினார். நன்றாக எழுதினார், இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். 2023-ல் அந்த மேடைக்காரர்கள் திடீரென்று, எங்கள் தகவலை எடுப்பதற்கு இனிமேல் காசு என்று விலை போட்டார்கள். கணக்குப் பார்த்தார் அவர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வந்தது! 2023 ஜூன் 30-ல் கடையை மூடினார். அவர் உழைப்பில் குறையா? திறமையில் குறையா? ஒன்றுமில்லை. பிறத்தியார் மனையில் மாடி கட்டினார்.

சரி, மனை சொந்தம். வரும்படி எங்கிருந்து? பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பார்ப்பது விளம்பரம். கூகுள் 2003-ல் இந்த விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு அதை அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது 2018-ல்தான். தமிழில் எழுதியவன் பதினைந்து ஆண்டு காத்திருந்தான்! விளம்பரதாரர் தரும் நூறு ரூபாயில் 68 தளத்துக்காரருக்கு என்று 2010-ல் கணக்கை வெளியிட்டது. மீதி 32 தரகு. போகட்டும், இந்த விளம்பரத்தில் வயிறு நிறைய வேண்டுமானால் நாள்தோறும் பல ஆயிரம் பேர் பக்கத்துக்கு வரவேண்டும். அவர்களை அனுப்புவது யார்? அதே கூகுளின் தேடல். 2024 ஆகஸ்டிலிருந்து நம் நாட்டிலும் தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு விடையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அது சொல்கிறது. ஆனால் படிப்பவன் உங்கள் வாசலுக்கு வர வேண்டிய அவசியம் குறைந்தது. வாய்க்காலும் அவர் கையில், மடையும் அவர் கையில், வயலில் தண்ணீர் வற்றினால் கேட்பாரில்லை. விளம்பரத்தை ஊறுகாயாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே சோறு என்று நம்பாதீர்கள்.

சோறு எது? விலை. ஆம் தோழர்களே, விலை! செய்த பொருளுக்கு இன்ன விலை என்று வாய் திறந்து சொல்வது. இதில்தான் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். தச்சர் நாற்காலிக்கு விலை சொல்கிறார். தையற்காரர் சட்டைக்குக் கூலி சொல்கிறார். கணினியில் உழைத்தவன் மட்டும், “முதலில் இலவசமாகக் கொடுப்போம், கூட்டம் சேரட்டும், பிறகு பார்க்கலாம்” என்கிறான். கூட்டம் சேர்த்துப் பிறகு பார்ப்பது, பத்து ஆண்டு நட்டம் தாங்கும் பணமூட்டைக்காரரின் வித்தை. பின்போர்டு என்ற சிறு தொழிலைப் பாருங்கள். படித்த இணையப் பக்கங்களின் முகவரிகளைச் சேர்த்து வைக்கும் இடம் அது, அவ்வளவுதான் சரக்கு. மாசியே செக்லோவ்ஸ்கி என்பவர் 2009-ல் தொடங்கினார். இலவசம் கிடையாது, சேர வேண்டுமானால் காசு வை என்றார். அதே வேலையை டெலிஷியஸ் என்ற தளம் இலவசமாகச் செய்து புகழோடு விளங்கியது. 2005-லேயே யாஹூ கம்பெனி அதை வாங்கியிருந்தது. முடிவு என்ன? இலவசத் தளம் கைமாறிக் கைமாறி, தேய்ந்து, 2017-ல் விலைக்கு வந்தது. வாங்கியவர் யார் தெரியுமா? காசு கேட்ட அந்தத் தனி மனிதர்! கொடுத்த விலை வெறும் 35,000 டாலர்.

விலை சொல்ல வேண்டுமானால் வாங்குபவனின் தொழில் தெரிய வேண்டும். இன்றைக்குக் கோடு எழுதுவது பெரிய வித்தை என்று மார்தட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவி நிமிடத்தில் எழுதித் தள்ளுகிறது. (அந்தக் கருவிக்கும் மாதச் சந்தா கட்டுகிறோம் என்பதை மறக்க வேண்டாம், அதுவும் ஒரு குத்தகைதான்.) ஆனால் பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர் பாவு நூல் கணக்கை எப்படி வைக்கிறார், லாரி புக்கிங் ஆபீசில் வாடகைப் பாக்கி எங்கே சிக்கிக்கொள்கிறது, சிவகாசி அச்சகத்தில் காலண்டர் சீசனில் எந்த ஆர்டர் எந்த மெஷினில் ஓடுகிறது என்று எவரால் சொல்ல முடியும்? அங்கே வேலை செய்தவனின் மகனால் சொல்ல முடியும். கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாத இரகசியம் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது! அப்பாவின் நண்பர்களிடம் போய் உட்காருங்கள். எந்தக் கணக்கு அவரை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்று கேளுங்கள். அதை ஒரு நோட்டிலும் ஒரு சின்ன அட்டவணையிலும் முதலில் தீர்த்துக் காட்டுங்கள். அவர் அச்சாரம் கொடுத்தால் கோடு எழுத உட்காருங்கள். கொடுக்கவில்லை என்றால், நல்ல யோசனை தம்பி என்று அவர் தட்டிக் கொடுத்ததை நம்பி ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். தட்டிக் கொடுப்பதற்குச் செலவில்லை.

கணக்கும் சொல்லிவிடுவோம். ஆண்டுக்கு 3,000 ரூபாய் சந்தா என்று வையுங்கள். ஒரு பட்டறைக்கு அது மாதம் 250 ரூபாய், டீச்செலவு. 120 பட்டறை சேர்ந்தால் 3,60,000 ரூபாய். செர்வர் வாடகை மாதம் ஆயிரம் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 12,000. முகவரிக்கு ஓர் ஆயிரம். இதையே செயலிக் கடை வழியாக விற்றால், சிறியவருக்கான 15 விகிதத்திலேயே 54,000 போகும். அதாவது மாதம் 4,500. நம் தோழர்கள் பலரின் வீட்டு வாடகை! சொந்த இணையதளத்தில், யூ.பி.ஐ. வழியாக வாங்கினால் என்ன போகும்? சாதாரண யூ.பி.ஐ. வரவுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. 3,000 ரூபாய் அனுப்பினால் 3,000 வந்து சேரும். பணம் வாங்கித் தரும் நிறுவனத்தை இடையில் வைத்தால் அவர்கள் கூலி உண்டு. கார்டுக்கு நூற்றுக்கு இரண்டு அளவில் பிடிப்பார்கள். இரண்டு எங்கே, முப்பது எங்கே!

மாதா மாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, பிடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும்; எங்காவது தடை விழும். ஆண்டுச் சந்தாவாக ஒரே முறை வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், அதுவரை ரசீது, வரவு செலவு நோட்டு, தனி வங்கிக் கணக்கு மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும். தாண்டப் போகிறது என்று தெரிந்தால் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே போங்கள்.

இதெல்லாம் தனி மனிதன் செய்துகொள்ள வேண்டியது. அரசுகள் செய்ய வேண்டியது இல்லையா? உண்டு. இந்தியப் போட்டி ஆணையம், செயலிக் கடையின் கட்டண முறைக்காகக் கூகுளுக்கு 2022 அக்டோபரில் 936 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216 கோடியாக வெட்டிற்று. அபராதத்தில் வாரம் குறைந்ததா? டிஜிட்டல் போட்டிக்கென்று தனிச் சட்ட வரைவை டெல்லி 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதைச் சட்டமாக்குவதில் காட்டிய வேகம் ஆமைக்கே வெட்கம் தரும். நெல்லுக்கு 1956-ல் உச்ச வரம்பு வைக்க முடிந்த நாட்டில், செயலிக்கு இவ்வளவுக்கு மேல் வாரம் இல்லை என்று ஓர் எண்ணை எழுத ஏன் கை நடுங்குகிறது? நாடாளுமன்றத்தில் நம்மவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

இலவசத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. தமிழ் இணையத்தில் காலூன்றியதே கொடையால்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் கருதாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 1999 பிப்ரவரியில் கலைஞர் ஆட்சியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து தமிழ்-99 விசைப்பலகை வந்தது. அதற்கான மென்பொருளை எழுதி இலவசமாகப் பரப்பியவர்கள் தனி இளைஞர்கள். அது மொழிக்குச் செய்த தொண்டு; மனமுவந்து கொடுத்தது. கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு.

இதை எழுதும்போது நம் மாவட்டத் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மாநாடு வருகிறது. பந்தல்காரருக்கு முன்பணம் போகிறது. மைக்செட்காரருக்குப் பணம், போஸ்டர் அச்சகத்துக்குப் பணம், வேன்காரருக்கு டீசலோடு சேர்த்துப் பணம். பிறகு, “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், வெப்சைட் போட்டுத் தருவான்” என்று கிளைச் செயலாளர் சொல்கிறார். பையன் பத்து இரவு கண்விழிக்கிறான். படம் மாற்று, பெயர் வரிசை மாற்று, அவர் பெயர் மேலே வரட்டும், இவர் பெயர் கீழே போகட்டும் என்று நள்ளிரவிலும் போன் போகிறது. செர்வர் வாடகையும் அவன் கையிலிருந்தே போகிறது. மேடையில் சால்வை போர்த்துகிறோம். அந்தச் சால்வையைச் செர்வர்காரன் வாங்கிக்கொள்வானா? தொழிலாளர் உரிமை பேசும் மேடையின் பின்புறத்திலேயே கூலியில்லா வேலை நடக்கலாமா? கழகத்துக்கென்று அவனாக மனமுவந்து செய்தால் அது அவன் பெருமை. நாமாகக் கேட்டு வாங்கினால் கூலி கொடுப்பது நம் கடமை.

அடுத்த மாநாட்டு வரவு செலவுத் திட்டம் போடும்போது, மைக்செட்டுக்குக் கீழே, “இணையதளம் அமைத்தவர் கூலி, செர்வர் வாடகை தனி” என்று ஒரு வரி எழுதுங்கள். தொகையை நீங்களே போட்டுவிடாதீர்கள்; அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.